சதுப்பு வண்டு: உதிர்ந்த இலைக்கும் மத்த உயிர்களுக்கும் நடுவுல

கேள்வி இதுதான்: சதுப்பு நிலம்னு பேச்சு வந்தாலே எல்லாரும் பறவை, மீன், தவளை, தட்டான் பத்தித்தான் சொல்றாங்க, ஆனா மார்ஷ் பீட்டில்னு ஒரு வண்டுக் குடும்பமே தனியா இருக்காமே, அது அங்க என்ன பண்ணுது, அது இல்லாம போனா யாருக்காவது ஏதாவது ஆகுமா? சுருக்கமா சொன்னா, தண்ணில விழற இலையை மத்த உயிருங்க சாப்பிடற பதத்துக்குக் கொண்டு வர்ற வேலைல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு, அதுவும் மீன் எல்லாம் வர முடியாத சின்னச் சின்ன ஈர இடங்கள்ல அந்த வேலையோட முக்கியமான ஆளே பல நேரம் இதுதான். விரிவா சொல்லணும்னா கொஞ்சம் சுத்தி வரணும், பொறுமையா படிங்க.

முதல்ல எந்த வண்டுனு தெளிவாயிடணும். குளத்துல நாம சாதாரணமா பாக்கற வண்டுங்க வேற. தண்ணி மேல கூட்டமா வட்டம் அடிச்சுச் சுத்துற பளபளப்பான கருப்பு வண்டு கைரினிடே குடும்பம், பின்னங்காலை வீசி வேகமா நீந்தி தலைப்பிரட்டை, மீன்குஞ்சு வரைக்கும் பிடிச்சுத் தின்ற வேட்டைக்கார வண்டு டைட்டிசிடே, அப்புறம் ஹைட்ரோபிலிடேனு ஒன்னு இருக்கு, அதுல வளர்ந்த வண்டு பெரும்பாலும் அழுகின செடிகொடியைத் தின்னும், ஆனா புழு மத்த பூச்சியை வேட்டையாடும். இது எதுவுமே நாம பேசற ஆளு இல்ல. நாம பேசறது சிர்ட்டிடேங்கற குடும்பம், பழைய புத்தகம் பாத்தீங்கன்னா ஹெலோடிடேனு போட்டிருக்கும், ரெண்டும் ஒன்னுதான். உலகம் முழுக்க நூத்துக்கணக்கான வகைகளைப் பேர் வச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் ரொம்ப அதிகம், பிரிட்டன்ல சுமார் 20 வகை. இந்தியாலயும் இலங்கைலயும் இந்தக் குடும்பத்து வண்டுங்க இருக்கு.

வளர்ந்த வண்டைப் பாத்தா பெருசா ஒன்னும் தோணாது. ஒன்றரை மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும், பெரும்பாலானது 5 மில்லிமீட்டருக்குள்ள. பழுப்பு இல்லாட்டி மஞ்சள் கலந்த பழுப்பு, முட்டை வடிவ உடம்பு, மேல மெல்லிசா ரோமம், தலை கீழ வளைஞ்சு மேல இருந்து பாத்தா சரியா தெரியாது, உணர்கொம்பு மட்டும் உடம்புக்கு நல்லா நீளமா இருக்கும். மத்த வண்டு மாதிரி ஓடு கெட்டியா இருக்காது, விரல்ல பிடிச்சா நசுங்கிடும். இதுல சிர்ட்டெஸ் மாதிரி சில பேரினங்களுக்கு மட்டும் பின்னந்தொடை நல்லா பருத்திருக்கும், தொட்டா டபக்குனு குதிச்சுப் போயிடும். இந்த வளர்ந்த வண்டு தண்ணிக்குள்ள இருக்கறதே இல்லங்கறதுதான் பல பேருக்குத் தெரியாத விஷயம். அது கரை ஓரத்துக் கோரை, நாணல், புதர், மரக்கிளைனு வெளில உக்காந்திருக்கும், சிலது பூவுக்கு வரும், சிலது ராத்திரி லைட்டுக்கு வரும், கொஞ்ச காலம்தான் உயிரோட இருக்கும். தண்ணிக்குள்ள நடக்கற வேலை முழுக்க அதோட லார்வா பண்றது.

அந்த லார்வாதான் எனக்கு இந்தக் குடும்பத்துலயே ரொம்பப் பிடிச்சது. தட்டையா, கட்டு கட்டா, முன்பக்கம் அகலமாவும் பின்பக்கம் போகப் போகக் குறுகியும் இருக்கும். ஈரக் கல்லைப் புரட்டினா ஓடுமே மரப்பேன், அதோட உறவுன்னு தப்பா நினைக்கற அளவுக்கு மேலோட்டமா ஒத்துப்போகும், ஆனா மரப்பேனுக்கு நிறையக் கால் இருக்கும், இதுக்கு 6 கால்தான். இன்னொரு அடையாளம் உணர்கொம்பு. வண்டுகளோட லார்வாவுக்குப் பொதுவா உணர்கொம்பு ரொம்பக் குட்டையா மூணு நாலு கணுவோட முடிஞ்சுடும், இந்தக் குடும்பத்து லார்வாவுக்கு மட்டும் அது நூல் மாதிரி நீண்டு ஏகப்பட்ட கணுவோட இருக்கும், ஒவ்வொரு தடவை தோல் உரிக்கும்போதும் கணு கூடிட்டே போகும். இன்னிக்கு உயிரோட இருக்கற வண்டுகள்ல வேற எந்தக் குடும்பத்து லார்வாவுக்கும் இப்படி இல்ல. அதனால தட்டுல ஊத்தின தண்ணில ஒரு தட்டைப் புழு நீளமான உணர்கொம்பை ஆட்டிட்டுப் போச்சுன்னா லென்ஸ் கூட வேண்டாம், இதுதான்னு சொல்லிடலாம்.

இன்னொன்னு சொல்லிட்டு மேல போறேன். பூமில பேர் வச்ச வண்டு வகை மட்டும் சுமார் 4 லட்சம், அதுல பத்துக்கு ஒன்பது பாலிபேகாங்கற ஒரே பெரிய பிரிவுல அடங்குது, பொறிவண்டு, சாணி வண்டு, மின்மினி, அரிசி வண்டு எல்லாம் அதுலதான். டிஎன்ஏ வச்சு இந்தப் பிரிவோட குடும்ப மரத்தை வரைஞ்சு பாத்தா முதல்ல பிரிஞ்சு போன கிளைல இந்தச் சதுப்பு வண்டும் அதோட நெருங்கின உறவுக்காரங்களும் வந்து நிக்கறாங்க. பால்டிக் கடலோரத்து ஆம்பர் இருக்கே, மூன்றரைக் கோடி வருஷத்துக்கும் மேல பழசான மரப்பிசின், அதுக்குள்ள இந்தக் குடும்பத்து வண்டுங்க நிறைய அகப்பட்டிருக்கு. ஈரத்துல மக்கற இலையை நம்பி வாழற இந்த வாழ்க்கை அவ்வளவு காலமா நிலைச்சு நின்னிருக்கு, அதனால இதை ஒரு ஓரத்துப் பூச்சியா என்னால நினைக்க முடியல.

சரி, வேலைக்கு வருவோம். சதுப்பு நிலத்துத் தண்ணில இருக்கற பெரிய கஷ்டம் ஆக்ஸிஜன். இலையும் தண்டும் குவிஞ்சு அழுகும்போது பாக்டீரியா அங்க கரைஞ்சிருக்கற ஆக்ஸிஜனை உறிஞ்சிடும், தண்ணியும் ஓடாம நிக்கும், நிழல் வேற, அதனால செவுள் வச்சு மூச்சு விடற பல பூச்சிகளால அங்க தாக்குப் பிடிக்க முடியாது. ஓடையில இலையைக் கிழிச்சுத் தின்ற கல்ஈ மாதிரி பூச்சிங்க எல்லாம் குளிர்ந்த ஓடற தண்ணி இருந்தாதான். சதுப்பு வண்டு லார்வாவோ காத்தை நேரடியா மேல இருந்து எடுத்துக்குது, மூச்சுத்துளை வயித்தோட பின்நுனில இருக்கு, சுத்தி தண்ணி ஒட்டாத ரோமம் இருக்கு, அதைத் தண்ணிப் பரப்புல நுழைச்சு காத்தை இழுத்துக்கிட்டு ஒரு குமிழியோட உள்ள போயிடும். சில வகை தண்ணிப் பரப்போட அடிப்பக்கத்துல தலைகீழா நடக்கவும் செய்யும், அதைக் கண்ணால பாத்தா நம்பவே முடியாது. பின்பக்கம் உள்ளிழுத்துக்கற மாதிரி சில மெல்லிய குழாய்களும் இருக்கு, பாக்க செவுள் மாதிரி தெரிஞ்சாலும் முக்கியமா உடம்புல உப்பு அளவை சரியா வச்சுக்கறதுக்குத்தான். ஆக மத்தவங்க மூச்சுத் திணறுற இடத்துல, இலை அதிகமா குவியற அதே இடத்துல, இது நிம்மதியா உக்காந்து சாப்பிடுது. அதோட இடம் அங்க உறுதியானதுக்குக் காரணமே இதுதான்னு நான் நினைக்கறேன்.

இலை தண்ணில விழுந்ததும் என்ன ஆகுதுனு பாருங்க. முதல் ஒன்னு ரெண்டு நாள்லயே சர்க்கரை, சில உப்பு, டானின் மாதிரி கரையற பொருள் எல்லாம் வெளியேறிடும், தண்ணி டீ நிறத்துக்கு வர்றது அதனாலதான். மிச்சம் இருக்கறது செல்லுலோஸும் லிக்னினும், பெரும்பாலான பூச்சியால அதைச் செரிக்க முடியாது. அப்புறம் பூஞ்சை வருது. தண்ணிக்கடில இலை மேல வளர்ற இந்தப் பூஞ்சைங்களைப் பத்தி 1942ல இங்கிலாந்துல இங்கோல்ட்ங்கறவர் எழுதினார், வித்துங்க நாலு கை விரிச்ச வடிவத்துல எல்லாம் இருக்கும், இன்னிக்கும் அவர் பேராலயே இங்கோல்டியன் பூஞ்சைனு சொல்றாங்க. பூஞ்சை இலையை இளக வைக்குது, கூடவே தன் உடம்பால இலையோட புரதச் சத்தையும் கூட்டுது, பாக்டீரியாவும் பாசியும் மேல ஒரு வழவழப்பான படலமா ஒட்டிக்குது. நாம கைல எடுத்தா வழுக்குமே அந்தப் பதத்துல இருக்கற இலைதான் சதுப்பு வண்டு லார்வாவுக்கு சாப்பாடு. அதோட வாயைப் பத்தி மட்டும் தனியா எழுதலாம், மேல்தாடைக்குப் பக்கத்துல இருக்கற உறுப்புல வரிசையா நுண்ணிய சீப்பு இருக்கும், அதால இலை மேல இருக்கற படலத்தையும் இளகின திசுவையும் சுரண்டிச் சுரண்டி வாரி, வாய்க்குள்ள தண்ணியைப் பிழிஞ்சு வெளிய தள்ளிட்டு துகளை மட்டும் விழுங்கும். நரம்பு மட்டும் மிஞ்சி வலை மாதிரி கிடக்கற இலையைக் குட்டைல பாத்திருப்பீங்க, அதுக்குப் பின்னாடி பல பேர் வேலை இருக்கும், இது அதுல ஒரு ஆள்.

இப்ப இந்தப் பதிலோட முக்கியமான இடம். லார்வா தின்னதுல பாதிக்கு மேல எச்சமா வெளில வந்துடும், அதோட சுரண்டும்போது சிதறற துகளும் நிறைய. முழு இலையை வாயில வைக்க முடியாத பூச்சிங்க தண்ணில ஏகப்பட்டது இருக்கு, கொசுப்புழு, கடிக்கற சின்ன ஈயோட புழு, கைரோனோமிட்னு சொல்ற கொசு மாதிரி இருந்தும் கடிக்காத பூச்சியோட சிவப்புப் புழு, மண்புழுவோட தண்ணிச் சொந்தக்காரங்க, இவங்க எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியான துகளைத்தான் சாப்பிடறாங்க. பல்லு போன பாட்டிக்கு வீட்டுல யாராவது வெத்தலை பாக்கை உரல்ல இடிச்சுக் கொடுப்பாங்க இல்லையா, சதுப்பு வண்டு லார்வா அவங்களுக்குச் செய்யறது அதுதான். சூழலியல்ல இதை பதப்படுத்தற சங்கிலினு சொல்றாங்க, ஒருத்தரோட சாப்பாட்டு மிச்சம் அடுத்தவருக்கு சாப்பாடு, முதல் ஆளுக்கு அதனால நஷ்டமும் இல்ல.

இதை நல்லா சோதிச்சுப் பாத்தது பெரிய சதுப்பு நிலத்துல இல்ல, மரப்பொந்துல. கிளை முறிஞ்ச இடத்துலயோ வேர் பிரியற இடத்துலயோ குழி விழுந்து மழைத்தண்ணி நின்னு, அதுல இலை விழுந்து கிடக்கும் இல்லையா, அது ஒரு சின்ன சதுப்பு நிலம்தான், வெளில இருந்து இலையைத் தவிர பெருசா வேற வரவு கிடையாது, உள்ள இருக்கற வகையை எண்ணிடலாம், ஆராய்ச்சிக்கு ரொம்ப வசதி. இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு பக்கத்துல வைத்தம் காடுனு ஒன்னு இருக்கு, அங்க பீச் மரப்பொந்துங்கள்ல ரோஜர் கிட்சிங்ங்கறவர் பண்ணின ஆய்வு 1971ல வெளிவந்துச்சு, அந்தப் பொந்துங்கள்ல வாழற விரல் விட்டு எண்ணக்கூடிய சில பூச்சி வகைகள்ல ப்ரியோனோசைபான் செர்ரிகார்னிஸ்ங்கற சதுப்பு வண்டும் ஒன்னு. அமெரிக்கால மரப்பொந்துல எலோடெஸ்ங்கற சதுப்பு வண்டு வகை ஒன்னும் ஏடிஸ் ட்ரைசீரியேட்டஸ்ங்கற கொசுவோட புழுவும் சேர்ந்து வாழுது, டாஹர்ட்டி, ஜூலியானோனு ரெண்டு பேர் 2000க்கு அப்புறம் அடுத்தடுத்து பண்ணின சோதனைகள்ல வண்டு லார்வாவோட எச்சம் கொசுப்புழுவுக்கு நேரடியா உணவாகுதுனு 2003ல காமிச்சாங்க. 2011ல வந்த வேற ஒரு ஆய்வு, வண்டு இருக்கும்போது கொசுப்புழு நல்லா வளர்றதுக்குக் காரணம் துகள் மட்டும் இல்ல, வண்டோட வேலையால தண்ணில இருக்கற நுண்ணுயிர்க் கூட்டமே மாறுறதும்தான்னு சொல்லிச்சு. ஆனா இந்தப் பலன் எப்பவும் ஒரே அளவுல இருக்கறதில்ல, என்ன இலை, எவ்வளவு இலை, எந்த அளவு மக்கினதுங்கறதைப் பொறுத்து கூடும் குறையும், அதையும் டாஹர்ட்டியும் ஜூலியானோவுமே சோதிச்சுப் பாத்திருக்காங்க.

இங்க உடனே ஒரு கேள்வி வரும், அப்ப இந்த வண்டு கொசுவை வளத்து விடுதா, இருந்தா ஆபத்துதானேன்னு. அந்த அமெரிக்கக் கொசு லா கிராஸ் மூளைக்காய்ச்சல் வைரஸைப் பரப்புற கொசு, குழந்தைங்களைத்தான் அதிகம் பாதிக்கும், அதனால கேள்வி நியாயமானது. ஆனா இலை துகளானா அது கொசுப்புழுவுக்கு மட்டும் போறதில்ல, அதே துகளை சாப்பிடற கடிக்காத பூச்சிங்களுக்கும் போகுது, அந்தப் பூச்சியையும் கொசுப்புழுவையும் சேர்த்துத் தின்ற ஆட்களுக்கும் அது வழியாப் போகுது. மரப்பொந்துலயே டாக்ஸோரின்கைட்டீஸ்னு ஒரு பெரிய கொசு இருக்கு, வளர்ந்தது யாரையும் கடிக்காது, தேன்தான் குடிக்கும், அதோட புழு மத்த கொசுப்புழுவைத் தின்னுதான் வளரும். திறந்த சதுப்பு நிலத்துல இன்னும் எத்தனையோ பேர், தட்டான் புழு, டைட்டிசிட் வண்டு, நீர்த்தேள், மீன்குஞ்சு. கொசு நமக்குப் பிரச்சினையா பெருகறது பெரும்பாலும் இந்த வேட்டைக்காரங்க இல்லாத இடத்துல, தேங்கின சாக்கடை, மூடாத தண்ணித்தொட்டி, மொட்டைமாடில கிடக்கற டயர், அங்க எல்லாம் சதுப்பு வண்டுக்குப் பெரும்பாலும் வேலை கிடையாது. அதனால கொசுவுக்குப் பயந்து குட்டைல இருக்கற இலையை வாரிக் கொட்டணும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

வேட்டைக்காரங்க பத்தி பேசறதால இதையும் சொல்லணும், எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துலயே ரொம்ப அழகான சோதனை இது. மத்திய அமெரிக்கக் காட்டுல மரத்து மேல ப்ரோமீலியாட்னு ஒரு செடி வளரும், அன்னாசிச் செடியோட குடும்பம், இலை அடுக்குக்கு நடுவுல மழைத்தண்ணி நிக்கும், மரத்துல இருந்து விழற சருகு அதுல மக்கும், அந்தச் சத்தைத்தான் செடி உறிஞ்சுக்கும். கோஸ்டா ரிக்கால இந்தச் செடித்தண்ணில சருகு தின்ற கூட்டத்துல சிர்ட்டெஸ் லார்வாவும் முக்கியமான ஆளு, எல்லாரையும் தின்றது ஒரு ஊசித்தட்டானோட புழு. 2006ல சயின்ஸ் பத்திரிகைல நகாய், ஸ்ரீவஸ்தவானு ரெண்டு பேர் எழுதினாங்க, அவங்க நைட்ரஜன் 15ங்கற அடையாளம் போட்ட இலையைச் செடித்தண்ணில போட்டு அந்த நைட்ரஜன் எங்க போகுதுனு தேடினாங்க. ஊசித்தட்டான் புழு இருந்த செடிக்குத்தான் நைட்ரஜன் அதிகம் கிடைச்சுது. ஏன்னா சருகு தின்ற புழுக்கள் மட்டும் இருந்தா, தின்னு வளர்ந்து சிறகு முளைச்சு சத்தையெல்லாம் உடம்போட எடுத்துக்கிட்டுப் பறந்து போயிடும், வேட்டைக்காரன் இருந்தா அதைப் பறக்க விடாம தின்னு எச்சமா அதே தண்ணில போட்டுடும், செடி உறிஞ்சிக்கும். சதுப்பு வண்டோட இடம் என்னன்னு கேட்டா நான் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்: இலைல பூட்டிக் கிடக்கற சத்தைத் திறந்து விடறது அது, திறந்த சத்து தண்ணிலயே நிக்கறதா, கரை ஏறிப் போறதாங்கறதை அதைத் தின்றவங்க முடிவு பண்றாங்க. கரை ஏறிப் போனாலும் வீண் இல்ல, சிலந்தி, பல்லி, சின்னப் பறவை, வௌவால்னு கரைல காத்திட்டிருக்கறவங்களுக்கு தண்ணில இருந்து ஏறி வர்ற பூச்சிதான் சாப்பாடு.

சில பேர் இன்னொன்னு கேப்பாங்க, இலையை எல்லாம் இப்படித் தின்னு தீத்துட்டா பீட்னு சொல்ற கரி மாதிரியான மக்கு எப்படி அடுக்கு அடுக்கா சேருது, சதுப்பு நிலம் கார்பனைச் சேமிக்குதுனு சொல்றாங்களே அது எப்படின்னு. பூமியோட நிலப்பரப்புல சுமார் 3 சதவீதம்தான் பீட் நிலம், ஆனா அதுல இருக்கற கார்பன் உலகத்துக் காடுங்க எல்லாத்தோட மரம் செடில இருக்கறதை விட அதிகம். விடை சுலபம், வண்டு லார்வா மேல் அடுக்குலதான் வேலை செய்யும், அதுக்குக் காத்து வேணும், பூஞ்சைக்கும் ஆக்ஸிஜன் வேணும், கொஞ்சம் கீழ புதைஞ்சுட்டா ரெண்டுமே நின்னுடும், மிச்சம் அப்படியே தங்கிடும். அந்தத் தங்கற மிச்சத்துல இந்த வண்டோட மேலிறகும் சேர்ந்து தங்கிடுதுங்கறதுதான் ருசியான விஷயம். வண்டோட மேலிறகு கைட்டின்ல ஆனது, ஆக்ஸிஜன் இல்லாத பீட்டுக்குள்ள ஆயிரக்கணக்கான வருஷம் கெடாது. பிரிட்டன்ல ரஸ்ஸல் கூப்ங்கறவர் இந்தப் பழைய வண்டுத் துணுக்கை வச்சு பனியுகத்து வெப்பநிலையைக் கணக்கு போடற துறையையே வளத்தெடுத்தார், அப்படி பீட்டைக் கரைச்சுச் சலிக்கும்போது அடிக்கடி கைல வர்றதுல சைபான் வகைச் சதுப்பு வண்டுத் துணுக்கும் உண்டு, அந்த இடம் அப்ப செடி மூடின ஈர நிலமா இருந்துச்சுங்கறதுக்கு அது ஒரு சாட்சி. நம்ம நீலகிரிலயும் பீட் இருக்கு, 1993ல ராமன் சுகுமாரும் கூட இருந்தவங்களும் அந்த பீட்டோட கார்பன் ஐசோடோப்பை வச்சு 20,000 வருஷப் பருவநிலையை நேச்சர் பத்திரிகைல எழுதினாங்க. அந்த மேட்டுச் சதுப்பை வடிகால் வெட்டிக் காய வச்சா போறது தண்ணி மட்டும் இல்ல, மலையோட பழைய பதிவேடும் போயிடும்.

இப்ப நம்ம ஊருக்கு நேரா சம்பந்தப்பட்ட இடம், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். லார்வா முழுசா வளர்ந்ததும் பெரும்பாலான வகை தண்ணியை விட்டு வெளில வந்து கரை ஓர ஈர மண்ணுலயோ பாசிக்கடிலயோ மக்கின கட்டைக்கடிலயோதான் கூட்டுப்புழுவாகும். சிர்ட்டெஸ் மாதிரி சிலது தண்ணிக்கு மேல செடித்தண்டுல ஒட்டிக்கிட்டு மாறும், ஹைட்ரோசைபான் மாதிரி சிலதுதான் தண்ணிக்குள்ளயே மாறும். ஆக இந்த வண்டுக்கு ஒரு குளம் வாழ ஏத்த இடமா இருக்கணும்னா தண்ணி மட்டும் போதாது, தண்ணியும் தரையும் கலக்கற அந்த சேறான, கோரை முளைச்ச, சருகு கிடக்கற விளிம்பு வேணும். நாம ஏரியைச் சீரமைக்கறோம்னு முதல்ல அழிக்கறது அந்த விளிம்பைத்தான். ஆழமா தோண்டி, கரையைச் செங்குத்தா ஏத்தி, கல்லு பதிச்சு, சிமென்ட் பூசி, மேல நடைபாதை போட்டு, ராத்திரி முழுக்க லைட் எரிய விடறோம். தண்ணி கொள்ளளவு கூடலாம், படத்துக்கும் நல்லா இருக்கும், ஆனா லார்வா ஏறி வர்றதுக்கு மண்ணு இல்ல, வளர்ந்த வண்டு உக்கார கோரை இல்ல, லைட்டைச் சுத்திச் சுத்தி மிச்சமும் சாகும். இது இந்த ஒரு வண்டுக்கு மட்டும் இல்ல, கரை ஏறி உருமாறற எல்லாப் பூச்சிக்கும், தவளைக்குஞ்சுக்கும் இதே கதிதான். பள்ளிக்கரணைக்கு 2022ல, உலக அளவுல முக்கியமான ஈர நிலம்னு கொடுக்கற ராம்சார் அங்கீகாரம் கிடைச்சப்ப சுமார் 1,248 ஹெக்டேர்னு கணக்கு கொடுத்தாங்க, எனக்கு அந்த எண்ணை விட முக்கியமா படறது அதோட ஓரம் எப்படி இருக்குங்கறதுதான், ஏன்னா சதுப்பு நிலத்தோட உயிர் நடுவுல இருக்கறதை விட ஓரத்துலதான் அதிகம் நடமாடுது.

மருந்து விஷயமும் அப்படித்தான். கொசுப்புழுவைக் கொல்ல தெமிபாஸ்னு ஒரு ஆர்கனோபாஸ்பேட் மருந்தை தேங்கின தண்ணில ஊத்துவாங்க, அது கொசுப்புழுன்னு பாத்துக் கொல்றதில்ல, மத்த தண்ணிப் பூச்சியையும் பாதிக்கும். அதுக்கு பதிலா 1976ல இஸ்ரேலோட நெகேவ் பாலைவனத்துல கண்டுபிடிச்ச பேசில்லஸ் பாக்டீரியா வகை ஒன்னு இருக்கு, பிடிஐனு சுருக்கமா சொல்வாங்க, அது கொசுப்புழு, கருப்பு ஈ மாதிரி ஈ இனத்தைத்தான் முக்கியமா தாக்கும், வண்டுக்கு அந்த அளவு ஆபத்து இல்ல. கைரோனோமிட் புழுவை அதுவும் கொஞ்சம் பாதிக்கும்ங்கறதால இயற்கையான சதுப்பு நிலத்துல அதையும் இஷ்டத்துக்கு ஊத்தக்கூடாது, வீட்டுக்குப் பக்கத்துல தேங்கின தண்ணிக்கு சரி.

இந்த வண்டு இருந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தமான்னு ஒரு துணைக்கேள்வியும் பொதுவா வரும். நேரா அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டன்ல ஆத்துத்தண்ணித் தரத்தைப் பூச்சியை வச்சு மார்க் போட்டுட்டு இருந்த பிஎம்டபிள்யூபிங்கற பழைய முறைல சுத்தத் தண்ணிப் பூச்சிங்களுக்கு 10, சாக்கடைலயும் வாழற புழுவுக்கு 1, இந்தக் குடும்பத்துக்கு நடுவுல 5னு கொடுத்தாங்க. அதுவும் இது காத்தை மேல இருந்து எடுக்கறதால ஆக்ஸிஜன் குறைஞ்ச தண்ணியையும் தாங்கிடும், அதனால இதை வச்சு தண்ணியோட சுத்தத்தை அளக்கறதை விட, அந்த இடத்துல மரநிழல், சருகு, சேத்து விளிம்பு எல்லாம் சேர்ந்து இன்னும் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கறதுதான் சரியான உபயோகம்னு நான் சொல்வேன்.

நேர்ல பாக்கணும்னா பெருசா கருவி ஒன்னும் வேண்டாம். மரநிழல்ல இருக்கற ஓடாத குட்டை, ஊத்துக்கசிவு, பாசி படிஞ்ச பாறை ஓரம், தண்ணி நிக்கற மரப்பொந்து இது மாதிரி இடத்துல, கரைக்கு ஒட்டி ரொம்ப நாளா ஊறின, வழவழன்னு கருத்த இலையை ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டுல கொஞ்சம் தண்ணியோட போட்டு ரெண்டு நிமிஷம் ஆடாம வச்சுப் பாருங்க, புதுசா விழுந்த இலைல தேடாதீங்க. தட்டைப் புழு இலைக்கடில இருந்து நகர்ந்து விளிம்புக்கு வரும், உணர்கொம்பைப் பாத்தா தெரிஞ்சுடும். வளர்ந்த வண்டுக்கு சாயங்காலமா கரை ஓரக் கோரையையும் புதரையும் ஒரு வெள்ளைத் துணி மேல உலுக்குங்க, இல்லாட்டி துணிக்கு முன்னாடி ஒரு லைட் வைங்க. பாம்பு இருக்கற இடம், கையை விடறதுக்கு முன்னாடி குச்சியால கலைச்சுப் பாத்துக்கோங்க. பாத்து முடிச்சதும் இலையை எடுத்த இடத்துலயே திரும்பப் போட்டுடுங்க. போட்டோ எடுத்தா மேல இருந்து ஒன்னு, பக்கவாட்டுல பின்னந்தொடை தெரியற மாதிரி ஒன்னு, உணர்கொம்பு முழுசா தெரியற மாதிரி ஒன்னு எடுங்க, எந்த மாதிரி தண்ணி, என்ன மரத்து நிழல், என்ன மாசம்னு கூடவே குறிச்சுக்கோங்க. படத்தை வச்சுக் குடும்பத்தைச் சொல்லிடலாம், பின்னந்தொடை பருத்திருந்தா சிர்ட்டெஸ் பக்கம்னு கூட சொல்லலாம், ஆனா எந்த வகைனு உறுதியா சொல்ல பெரும்பாலும் ஆண் வண்டோட இனப்பெருக்க உறுப்பை மைக்ரோஸ்கோப்ல வச்சுத்தான் பாக்கணும், அதனால யாராவது படத்தைப் பாத்துட்டு சட்டுனு வகைப் பேர் சொன்னா எதை வச்சுச் சொன்னாங்கன்னு கேட்டுக்கோங்க.